பேனலுக்குப் பணம் கொடுக்குமுன் தராசில் வையுங்கள்: செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு அறையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள், எதிரொலியை அடக்க ஆள் கூப்பிடும்முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி வந்தவர்கள் "64 டென்சிட்டி ராக்வூல், ரெண்டு இஞ்ச்" என்று சொல்லி, ஒலியை உறிஞ்சும் 12 பேனல்களை மாட்டிவிட்டுப் போனார்கள். ராக்வூல் என்பது பாறையை உருக்கி இழைத்த நார்ப் பலகை; 64 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 64 கிலோ. பின்பக்கத் துணியைப் பிரித்தால் உள்ளே தெர்மாகோல், அதன்மேல் அரை அங்குல ஃபோம். முழுப் பணமும் முன்பே வாங்கியாயிற்று. இப்போது போனை எடுப்பதில்லை.

இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கக் காய்கறிக்கடைத் தராசு போதும். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனமுள்ள ராக்வூல் பலகை 64 டென்சிட்டியில் சுமார் 2.3 கிலோ, 48-ல் 1.7 கிலோ. அதே அளவு தெர்மாகோல் பெரும்பாலும் முக்கால் கிலோவைத் தாண்டாது. சட்டம் அடித்தபின் மரத்தின் எடையும் சேர்ந்துவிடும். அதனால் பலகையைத் தனியாக, உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். பிறகு வாயை வைத்து ஊதுங்கள். ராக்வூலில் காற்று நுழையும்; நுழைந்த ஒலி நார்களில் உரசித்தான் அடங்குகிறது. தெர்மாகோலில் காற்று போகாது, ஒலி அப்படியே திரும்பிவிடும்.

பேனல் மாட்டாத மிச்சச் சுவரெல்லாம் ஒரு அங்குல முட்டைத்தட்டு ஃபோம். ஒலியலையின் நீளத்தில் கால் பங்காவது கனம் இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். ஒரு அங்குலம் 3,400 ஹெர்ட்ஸுக்குத்தான் அப்படிப் பொருந்தும்; அதற்குக் கீழே போகப் போகப் பலன் குறையும். மிருதங்கத்தில் வலந்தலையின் நாதம் மங்கி, இடப்பக்கத் தொப்பி மட்டும் கும்மென்று அறையில் நிற்பது இதனால்தான். சாதாரண ஃபோமில் தீப்பிடித்தால் நொடியில் பரவும், புகையும் நச்சு.

பணத்தைவிட வயிற்றெரிச்சல் சுவர்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போல் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் பசை தடவி ஃபோமை ஒட்டிவிட்டார்கள். உரித்தால் பூச்சும் சேர்ந்து வருகிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் எதையும் ஒட்ட விடாதீர்கள்.

கைதட்டிப் பார்த்து, எத்தனை பேனல் போதும் என்று அவர்கள் சொல்லும் கணக்கையும் நம்பாதீர்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள அறை 80 கன மீட்டர். சுவர், தரை, கூரை மொத்தம் 112 சதுர மீட்டர். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் சராசரி 3 சதவீதம் உறிஞ்சுவதாக வைத்தால், வெறும் அறையில் ஒலி அடங்க 3.8 விநாடி ஆகும். அதை 0.6 விநாடிக்குக் கொண்டுவர, ஒலியை முழுதாக உறிஞ்சும் பரப்பு சுமார் 21 சதுர மீட்டர் வேண்டும். 12 பேனலும் அசலாகவே இருந்தாலும் பரப்பு எட்டரைதான். மீதியைப் பஞ்சு மெத்தை, புத்தக அலமாரி, மடிப்பு வைத்த கனத்த திரை ஆகியவற்றால் ஈடுகட்டலாம். ஒற்றை ஜமுக்காளம் போதாது.

நல்ல பேனலை உள்ளூர் ஆசாரியே செய்துவிடுவார். 10 செ.மீ. ஆழத்தில் ரீப்பர் சட்டம், உள்ளே 48 டென்சிட்டி ராக்வூல் இரண்டு அடுக்கு, சுற்றிலும் காற்றுப் போகும் கோராத் துணி. அடியில் கால் வைத்து, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். வெட்டும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம். நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே முதல் பேனல். அடுத்தவை மூலைகளுக்கு.

நாற்காலியை அறை நடுவில் போடாதீர்கள். 5 மீட்டர் அறையில் 34 ஹெர்ட்ஸ் ஒலி நடுவில் காணாமல் போகும். முன்சுவரிலிருந்து 1.9 மீட்டரில் தொடங்கி நகர்த்திப் பாருங்கள், செலவே இல்லை.

ரூம் ஈக்யூ விசார்ட், அறையின் ஒலியை அளக்கும் இலவச மென்பொருள். வேலைக்கு முன்னும் பின்னும் அதில் அளந்து, வித்தியாசத்தைப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டார்கள் என்றால் ஃபோமைப் பிடித்து இழுக்க வேண்டாம். நீளக் கத்தியைச் சுவருக்கு இணையாக ஓட்டி ஃபோமை மட்டும் சீவி எடுங்கள். பசை அப்படியே இருக்கட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் பார்த்தபின் அதில் கை வைக்கலாம்.