முதல் கையடக்க மின்குறிப்பேடு: பாம் எம்100-ஆ, ஸயரா?

மருந்துப் பிரதிநிதியாகப் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை வரை பேருந்தில் அலைந்த காலத்தில், மருத்துவர்களைப் பார்க்கும் நேரத்தையும் அவர்கள் கேட்ட மாதிரி மருந்துகளையும் குறித்துவைக்கவே கையடக்க மின்குறிப்பேடு ஒன்றைத் தேடினேன். கைக்கு எட்டும் விலையில் இருந்தவை இரண்டு: பாம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்புகளான, 2000-இல் வந்த பாம் எம்100, 2002-இல் வந்த பாம் ஸயர். அமெரிக்காவில் முன்னது 149 டாலருக்கும் பின்னது 99 டாலருக்கும் அறிமுகமாயின. பழையதாகக் கிடைத்த எம்100-ஐ நான் வாங்கினேன். உடன் பணியாற்றிய நண்பருக்கு அவருடைய மைத்துனர் வளைகுடாவிலிருந்து ஸயரைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டையும் பல ஆண்டுகள் அருகிலிருந்து பார்க்க அப்படித்தான் வாய்த்தது.

இரண்டிலும் 2 மெகாபைட் நினைவகம், 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. முகவரி, நாட்குறிப்பு, செலவுக் கணக்கு ஆகியவற்றுக்கு இது தாராளம்; வண்ணத் திரைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது என் பார்வையில் வீண்.

உண்மையில் பார்க்க வேண்டியது மின்சாரத்தை. இவற்றில் எழுதியவை நிற்பது மின்சாரம் இருக்கும்வரைதான். முழுவதும் தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். எம்100-க்கு டிவி ரிமோட்டில் போடும் மெல்லிய பென்சில் செல் இரண்டு போதும் என்பதால், கடையத்தில் இறங்கி அண்ணாச்சி கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பழைய செல்லைக் கழற்றியபின் ஏறத்தாழ ஒரு நிமிடமே நினைவகம் தாங்கும் என்பதால், புதியதை உறையிலிருந்து பிரித்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஸயரில் மின்னேற்றும் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. செல் செலவு இல்லை. சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் வெளியூரில் தங்குகிறவருக்குத்தான் தவிப்பு.

வெளிச்சத்திலும் வேறுபாடு உண்டு. நண்பகல் வெயிலில் இரண்டு திரைகளும் தெளிவாகவே தெரியும். இரவுப் பேருந்தில் எம்100-இன் மின்பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் திரை ஒளிரும். ஸயரில் அந்த ஒளியே கிடையாது. எம்100-இன் மூடியில் சிறு சாளரம் ஒன்றும் இருப்பதால், திறக்காமலே மேல்நகர்த்தும் பொத்தானை அழுத்தி மணி பார்க்கலாம். நான் கைக்கடிகாரம் கட்டுவதை விட்டது அதனால்தான்.

எழுதுவதற்கு கிராஃபிட்டி முறை. ஆங்கில எழுத்துகளை எழுதுகோலை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட வேண்டும். ‘ஏ’ எழுத்துக்கு நடுக்கோடு கிடையாது. திரையின் கீழுள்ள எழுதும் பகுதியில் இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அந்தப் பகுதி கீறல் விழுந்து மங்காமலிருக்க, பளபளப்பில்லாத ஒட்டுநாடாவை மேலே ஒட்டிவைத்தேன். தமிழ் வசதி இல்லாததால் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் ஏற்ற வேண்டும். சண்முகத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதினால் தேடும்போது அவர் அகப்பட மாட்டார்.

வாரம் ஒருமுறையாவது கணினியோடு இணைத்து, பாமின் ஹாட்சிங்க் மென்பொருள் மூலம் நகல் எடுப்பது கட்டாயம். ஸயருக்கு யுஎஸ்பி கம்பி போதும். எம்100-இன் கம்பி பழைய கணினிகளில் இருந்த சீரியல் இணைப்புத் துளைக்கானது. ஆகவே பழையதாக எம்100 வாங்குகிறவர்கள் கம்பியையும் கேட்டு வாங்கி, தங்கள் கணினியில் அந்தத் துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் சீரியல் கம்பியை யுஎஸ்பியில் பொருத்த உதவும் மாற்றிக்கு ஆகும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.