சூதாட்ட விளம்பரத் தொல்லைக்கு ஸ்கேம்ஷீல்டு எவ்வளவு தூரம் உதவும்?

"வெல்கம் போனஸ் 100%. 50 வெள்ளி போட்டால் 50 வெள்ளி இலவசம்." இப்படி வாட்ஸ்அப்பில் வந்து விழும் செய்திகளுக்குப் பயந்து, மோசடியைத் தடுக்க உதவும் ஸ்கேம்ஷீல்டு செயலியை இறக்கிவைத்திருப்பவர்கள் சிங்கப்பூரில் ஏராளம். செயலி நல்ல செயலிதான். ஆனால் சூதாட்ட விளம்பரம் என்று வந்தால் அதன் கை பாதித் தூரம்தான் எட்டும்.

அழைப்பையும் எஸ்எம்எஸ்ஸையும் அது வடிகட்டும். இணைப்பு, தொலைபேசி எண், ஸ்கிரீன்ஷாட் எதைக் கொடுத்தாலும் சரிபார்க்கும், புகாரையும் வாங்கிக்கொள்ளும். ஐஃபோனில் பலர் கோட்டை விடுவது ஓர் இடத்தில்: செயலியை இறக்கியதோடு நிறுத்திவிடுகிறார்கள். செட்டிங்ஸுக்குப் போய் மெசேஜஸ் பகுதியில் வடிகட்டியாக ஸ்கேம்ஷீல்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோன் பகுதியில் அழைப்புத் தடுப்பையும் தனியாக முடுக்கிவிட வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் அந்தப் பக்கம் திறந்தே கிடக்கும்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஐமெசேஜும் வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் இந்த வடிகட்டிக்குள் வராது. அங்கே வரும் செய்தியைப் படிக்க வெளிச் செயலிக்கு வழியே இல்லை. 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத அனுப்புநர் பெயரில் வரும் எஸ்எம்எஸ் 'மோசடியாக இருக்கலாம்' என்ற முத்திரையோடுதான் வருகிறது. விளம்பரக்காரர்களுக்கு அரட்டைச் செயலிகள் வசதியாகப் போனதில் வியப்பில்லை.

சரிபார்க்கும் வசதியிலும் கவனம் வேண்டும். ஒரு தளம் முடக்கப்பட்டால் பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்து அடுத்த தளம் முளைக்கும். இன்று முளைத்த முகவரி எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதனால் செயலி எச்சரிக்கவில்லை என்பதற்காக ஒரு தளத்தை நம்பிவிடக் கூடாது. இதற்குச் செயலியே தேவையில்லாத சோதனை ஒன்று இருக்கிறது: இங்கே இணையத்தில் பந்தயம் கட்ட உரிமம் பெற்ற நிறுவனம் சிங்கப்பூர் பூல்ஸ் மட்டும். இணையக் கசினோ எதற்கும் உரிமம் கிடையாது. கசினோ இருக்கும் மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தின் படத்தைப் போட்டு 'ஆன்லைன் கசினோ' என்று வந்தால் அது பொய், அவ்வளவுதான்.

அந்த இலவச 50 வெள்ளியையும் ஒரு கணம் பார்ப்போம். நிபந்தனையில் '20 மடங்கு சுழற்சி' என்று சின்ன எழுத்தில் இருக்கும். கட்டியதும் போனஸும் சேர்ந்து 100 வெள்ளி. அதன் 20 மடங்கு, அதாவது 2,000 வெள்ளிக்குப் பந்தயம் கட்டி முடித்தால்தான் பணத்தை எடுக்கக் கேட்கலாம். கேட்டாலும் கொடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

புகார் செய்யும்போது வரிசை முக்கியம். முதலில் ஸ்கிரீன்ஷாட்: அனுப்பியவரின் முழு எண், முழு இணைப்பு, தேதி, குழு என்றால் குழுவின் பெயர். பேநவ் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) எண்ணோ வங்கிக் கணக்கோ செய்தியில் இருந்தால் அதைக் கட்டாயம் எடுங்கள். 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தளத்தை மட்டுமல்ல, பணப் பரிமாற்றத்தையும் முடக்க முடியும். தளத்தை மாற்றுவது போல வங்கிக் கணக்கை நினைத்தபோது மாற்ற முடியாது. (செய்தியில் கணக்கு எண் இல்லையென்றால் அதை வாங்குவதற்காக ஏஜென்டிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.) இத்தனையும் எடுத்த பிறகே வாட்ஸ்அப்பில் புகார் கொடுத்துத் தடை செய்யுங்கள். அந்தப் பொத்தானோடு அரட்டையையும் அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும்.

ஸ்கேம்ஷீல்டில் அனுப்பிய கையோடு போலிஸின் ஐ-விட்னஸ் இணையப் படிவத்திலும் அனுப்புங்கள், அல்லது 1800-255-0000 எண்ணை அழையுங்கள். பணம் போய்விட்டதென்றால் முதல் அழைப்பு வங்கிக்கு. மோசடியா என்ற குழப்பத்துக்கு 1799 என்ற உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. விளம்பரத் தர ஆணையத்துக்குப் போவதில் பயனில்லை. முகவரியே இல்லாதவனை அது என்ன செய்யும்?

விளம்பரம் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது குற்றமல்ல. அதில் விளையாடினால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஏஜென்டாக வேலை செய்தால் 200,000 வெள்ளி, ஐந்து ஆண்டு வரை போகும். 'ஆள் சேர்த்தால் கமிஷன்' என்ற ஆசையில் தங்குவிடுதி நண்பர்களின் குழுவில் அதைப் பகிர்பவர்களுக்கு அது எவ்வளவு ஆபத்து என்பதை யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

செயலிக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண். அதைவிட அதிகப் பலன் தருவது வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் ஒரு சின்ன மாற்றம்: செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போய் 'என் தொடர்புகள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அறிமுகமில்லாதவர் உங்களை நேராகக் குழுவில் இழுத்துப்போடுவது நின்றுவிடும். டெலிகிராமிலும் இதே அமைப்பு உண்டு. வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் இதை நீங்களே செய்து கொடுங்கள்.