செப்டம்பர் 11: வாட்ஸ்அப் வீடியோவா, விசாரணை அறிக்கையா?

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் குடும்பக் குழுக்களில் "2001இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள்" என்ற வீடியோ மறுபடி சுற்றுகிறது. எதை நம்புவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கிட்டத்தட்ட 3,000 பேர் இறந்த விஷயம், சரியாகப் பதில் சொல்ல வேண்டும்.

நேரம்:
வீடியோ சில நிமிடம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள்.

எஃகு:
வீடியோ: விமான எரிபொருள் தீயில் எஃகு உருகாது. சரிதான், அதற்குச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும்.
அறிக்கை: உருகத் தேவையே இல்லை. 600 டிகிரியிலேயே எஃகின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். வெளித்தூண்கள் உள்நோக்கி வளைந்தது புகைப்படங்களிலேயே தெரிகிறது.

ஏழாம் கட்டடம் (அதே வளாகத்தில் அன்றே விழுந்த இன்னொரு கட்டடம்):
வீடியோ: விமானமே மோதவில்லையே, ஏன் விழுந்தது? நியாயமான கேள்வி.
அறிக்கை (2008): கோபுர இடிபாடுகளால் பற்றிய தீ, தண்ணீர்க் குழாய்கள் உடைந்ததால் சுமார் ஏழு மணி நேரம் எரிந்தது. சூட்டில் விட்டங்கள் விரிந்து நகர, 79ஆம் தூண் பிடிமானம் இழந்தது, கட்டடமே சரிந்தது. குண்டு என்றால் அரை மைல் தள்ளியும் காதைப் பிளந்திருக்கும். எந்த ஒலிப்பதிவிலும் அந்தச் சத்தம் இல்லை.

சந்தேகம் எங்கே தொடங்குகிறது என்று அறிய வீடியோ உதவும். பிள்ளைக்குப் பதில் சொல்ல அறிக்கைதான். முழுவதும் படிக்க முடியாவிட்டால், நிஸ்டின் இணையதளத்தில் உள்ள கேள்வி-பதில் பகுதியே போதும்.