விறகு ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்களுக்கு 1,85,000 ரூபாய் போச்சு

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், சித்தேரி, வத்தல்மலை என்று கரண்ட் எட்டாத இடத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் நிலம் அஞ்செட்டிக்கு மேலே. சோலார் இருக்கிறது, ஆனால் மழை பிடித்துக்கொண்டால் பேட்டரி படுத்துவிடும். விறகுக்குப் பஞ்சமில்லை, புளி, மா கழித்த கிளைகளே மலையாகக் கிடக்கும். பழைய சாமான் விற்கிற ஒரு ஆப்பில் ஓசூர் பக்கத்துப் பட்டறை ஒன்று விளம்பரம் போட்டிருந்தது. 5 கிலோவாட், எந்த விறகும் போடலாம், கிலோவுக்கு 3 யூனிட், கூடவே குளிக்க வெந்நீர்.

அப்பாவோடு போனேன். விறகைப் போட்டு, புளோயரை ஓட்டி, குழாய் முனையில் நீல ஜுவாலை காட்டினார்கள். அப்புறம் இன்ஜின். பட்டறைக்காரர் அப்பாவின் கையைப் பிடித்து அவரையே சுவிட்சைப் போடச் சொன்னார். பல்புகள் பளிச்சென்று எரிந்தன. "அய்யா, நானும் மலையில் பொறந்தவன்தான். மலைக்காரங்களை ஏமாத்தினா எனக்குச் சோறு இறங்குமா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அப்பா, மாடு விற்ற பணமும் புளிக் குத்தகைப் பணமுமாகச் சேர்த்து வைத்திருந்த 1,85,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு.

தொழில்நுட்பம் பொய்யில்லை. விறகைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும், அதில் இன்ஜின் ஓடும். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஐரோப்பாவில் கார்களே இப்படி ஓடின. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் கர்நாடகத்தில் ஹொசஹள்ளி என்ற கிராமத்துக்கே இதில் விளக்கு எரிய வைத்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை நம்ப வைத்தார்கள். ஆனால் அந்த வாயுவில் தார் இருக்கும். அதை வடிகட்டி, குளிர வைத்துத்தான் இன்ஜினுக்கு விட வேண்டும். எங்களுக்குக் கொடுத்ததில் வடிகட்டி என்று சொன்னது வெறும் டிரம்!

கொஞ்ச நாளிலேயே இன்ஜின் திணறி நின்றது. ஊர் மெக்கானிக் பிரித்தால் வால்வு முழுக்கக் கருப்புப் பிசின். "ஸ்டார்ட் பண்ண மட்டும்" என்று சொன்ன பெட்ரோல் பைப்பை மூடிவிட்டு ஓட்டிப் பார்த்தார். அடுத்த நிமிடமே இன்ஜின் செத்தது. பட்டறையில் எரிந்த பல்பு பெட்ரோலில் எரிந்திருக்கிறது. வெந்நீர்க் குழாய் முதல் நாளே ஒழுகியது.

பணத்தைவிட வயிறு எரிவது வேறொன்றுக்கு. "மழையில் நனையக் கூடாது, ஷெட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள்" என்றார்கள். ஷெட்டை ஒட்டிய அறையில் இருந்த அம்மா தலை சுற்றி, வாந்தி எடுத்து விழுந்தார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொல்லும். இதை விற்கிறவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அம்மா பிழைத்தது தெய்வாதீனம்.

போன் போட்டால் "ஆள் அனுப்புறேன்ணா". அப்புறம் "வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்க". போட்டேன். "விறகு ஈரம், உங்க மேலதான் தப்பு" என்று பதில். எந்த விறகும் போடலாம் என்றது யார்? நேரில் போனால் "பார்ட்னர் வெளியூர்", "மலைக்கு வண்டி ஏறாது", "வாரண்டி இன்ஜினுக்கு மட்டும்தான்". அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நம்பரை பிளாக் செய்துவிட்டார். 1,85,000 ரூபாய்!

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதையாவது பாருங்கள்.

கிலோ விறகுக்கு 3 யூனிட் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சின்ன மெஷினில் நன்றாகக் காய்ந்த விறகுக்கே சுமார் ஒரு யூனிட்தான். பெட்ரோலை முழுக்க மூடிவிட்டு, உங்கள் விறகில், ஒரு மணி நேரமாவது லோடு போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டை ஒட்டி வைக்கவே வைக்காதீர்கள், நாலு பக்கமும் திறந்த இடம் வேண்டும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை. நான் திங்கட்கிழமை கிருஷ்ணகிரி போகிறேன். இதே பட்டறையில் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.