கதிர் அரிவாளும் சுத்தியல் அரிவாளும்

கீழ்வேளூர் தொகுதியில் திமுக கூட்டணிக்கு வாக்களிப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் அவர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சுத்தியல் அரிவாள் நட்சத்திரத்தை அழுத்தியிருப்பார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் அழுத்தியது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கதிர் அரிவாள். அருகிலுள்ள திருத்துறைப்பூண்டிக்காரருக்கு இரண்டு முறையும் கதிர் அரிவாள்தான். இரண்டுமே தனித்தொகுதிகள், இரண்டும் நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருபவை, இரண்டிலும் வயலில் இறங்கி வேலை செய்பவர்களின் வாக்குதான் பெரும்பலம். அப்படியிருக்க, ஒருகாலத்தில் ஒன்றாயிருந்த கம்யூனிஸ்ட் கட்சி ஏன் இன்னும் இரண்டாக நிற்கிறது?

பிரிவின் கதை தெரிந்ததே. 1964 ஏப்ரலில் ஒன்றுபட்ட கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தார்கள், ஆண்டு முடிவதற்குள் கட்சி இரண்டாகிவிட்டது. சீனா, சோவியத், காங்கிரசுடன் உறவு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. இன்று அவற்றில் உயிரோடு இருப்பது எதுவுமில்லை. சோவியத்தே இல்லை!

தமிழ்நாட்டுச் சட்டமன்றக் கணக்கை எடுத்துவைத்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. 1967இல் மார்க்சிஸ்ட் கட்சி திமுக அணியில் இருந்தது. அந்த அணியில் ராஜாஜியின் வலதுசாரிச் சுதந்திராக் கட்சியும் இருந்தது என்பதை இன்றைய தோழர்கள் அதிகம் பேசுவதில்லை. மார்க்சிஸ்ட் 11 இடம், இந்தியக் கம்யூனிஸ்ட் 2. நான்கே ஆண்டில் தலைகீழ்: 1971இல் இந்தியக் கம்யூனிஸ்ட் திமுகவோடு நின்று 8 இடம் பெற்றது, மார்க்சிஸ்டுக்கு ஒன்றுமில்லை. 1977இல் எம்ஜிஆரோடு போன மார்க்சிஸ்டுக்கு 12, காங்கிரசோடு போன இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 5. 1996இல் திமுக - தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) அலையில் இந்தியக் கம்யூனிஸ்ட் 8 இடங்களோடு கரையேறியது. வைகோவோடு நின்ற மார்க்சிஸ்டுக்குக் கிடைத்தது ஓரிடம்.

நான்கு தேர்தல்களிலும் கொள்கை அதேதான், தொண்டர்களும் அவர்களேதான். மாறியது தோளில் கைபோட்ட பெரிய கட்சி மட்டும். இருவரும் ஒரே அணியில் இருந்த சில ஆண்டுகளைப் பாருங்கள்: 1980இல் மார்க்சிஸ்டுக்கு 11, இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 9. 2001இல் 6, 5. 2011இல் 10, 9. 2021இல் ஆளுக்கு இரண்டு. ஏறத்தாழச் சமம். இருவரும் சேர்ந்தே 2016இல் மக்கள் நலக் கூட்டணியில் நின்றபோதும் சமம்தான்: பூஜ்யம், பூஜ்யம்.

ஆகவே 'எந்தக் கட்சி பலமான கட்சி' என்பதற்கு இடங்களின் எண்ணிக்கையைக் காட்டுபவர்களை நான் நம்புவதில்லை. அந்த எண்கள் பெரும்பாலும் தொகுதிப் பங்கீட்டு அறையின் எண்கள்.

வேறுபாடு மண்ணில் இருக்கிறது. இந்தியக் கம்யூனிஸ்டின் பெயர் சொன்னால் நினைவுக்கு வருவது திருத்துறைப்பூண்டி, திருப்பூர், கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளி. மார்க்சிஸ்டுக்கு மதுரை, திண்டுக்கல், குமரி மாவட்டத்து விளவங்கோடு. மதுரை அவர்களுக்குப் பழைய வீடு. 1952இல் சிறையில் இருந்தபடியே பி.ராமமூர்த்தி வென்ற ஊர். அப்போது ஒரே கட்சி, அது வேறு விஷயம்.

கீழத்தஞ்சைதான் இருவருக்கும் சண்டைக்குரிய சொத்து. 1940களில் பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டிய பி.சீனிவாசராவ் 1961இல் இறந்தார். கட்சி உடைவதற்கு முன்பே போய்விட்டதால் அவரை இருவரும் உரிமை கொண்டாட முடிகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வேளூர் வட்டத்து வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டது பிரிவுக்குப் பின். கூலி உயர்வு கேட்டு அங்கே பறந்தது மார்க்சிஸ்டுகளின் செங்கொடி. ஆண்டுதோறும் வெண்மணி நினைவிடத்தில் அவர்கள் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு, கீழ்வேளூர் ஏன் சுத்தியல் பக்கம் நிற்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. 2021இல் வென்ற நான்கு இடதுசாரி சட்டமன்ற உறுப்பினர்களில் மூவர் தனித்தொகுதிக்காரர்கள் என்பதும் தற்செயல் அல்ல.

அகில இந்திய அளவில் ஒப்பிட்டால் மார்க்சிஸ்ட் வெகுதூரம் முன்னே. 2004இல் மக்களவையில் அவர்களுக்கு 43, இவர்களுக்கு 10. மேற்கு வங்கத்தில் 34 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டவர்கள் அவர்கள். ஆனால் அந்த உயரம் ஒரே தூணின் மேல் நின்றது. 2011இல் தூண் சாய்ந்தது, 2021இல் அந்தச் சட்டமன்றத்தில் ஓரிடம்கூட இல்லை. இந்தியக் கம்யூனிஸ்டுக்கு அவ்வளவு உயரமும் இல்லை, அவ்வளவு பெரிய வீழ்ச்சியும் இல்லை. மெல்லத் தேய்ந்து 2023இல் தேசியக் கட்சி என்ற தகுதியையும் இழந்தது. நெருக்கடி நிலையை ஆதரித்த பிழைக்கு அது கொடுத்த விலை இன்னும் தீரவில்லை என்பது என் எண்ணம். 1971இல் மக்களவையில் 23 இடம் வைத்திருந்த கட்சி 1977இல் 7 ஆனது. பிறகு அது பழைய எண்ணைத் தொடவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 2019இல் மக்களவைக்குப் போன இரு கட்சிகளின் ஐந்து பேரில் நால்வர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். 2024இல் ஆறில் நால்வர். ஒருகாலத்தில் வங்கமும் கேரளமும் சுமந்த கட்சிகளை இப்போது தூக்கிச் சுமப்பது, தனியே நின்றால் ஓரிடமும் கிடைக்காத மாநிலம்.

இணைப்புப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தியக் கம்யூனிஸ்ட் ஆர்வம் காட்டும், மார்க்சிஸ்ட் முகம் கொடுக்காது. அமைப்பும் தொழிற்சங்கமும் பெரிதாக உள்ளவர் பாகம் சேர்க்கத் தயங்குவது இயல்புதான். என்னைக் கேட்டால், இணைந்தால் தமிழ்நாட்டில் உடனடியாக நடக்கப்போவது ஒன்றுதான். மக்களவைத் தேர்தலில் கூட்டணித் தலைமை இரண்டும் இரண்டும் நான்கு என்று கொடுத்துவந்த இடத்தில், ஒரே கட்சிக்கு மூன்று போதாதா என்று கேட்கும்.