இஸ்தான்புல் தெருவில் ஒரே ஒரு கடல் உணவு: பலிக் எக்மெக்கா, மித்யே டொல்மாவா?

ஒருவேளைக்குத்தான் வயிறு இருக்கிறது என்றால் எதை எடுப்பது?

பலிக் எக்மெக்: சுட்ட மீன், வெங்காயம், கீரை இலை, எலுமிச்சை, எல்லாம் அரை ரொட்டிக்குள். கலாட்டா பாலத்தின் எமினோனு, கராக்கோய் கரைகளில் கிடைக்கும்.
மித்யே டொல்மா: சிப்பிக்குள் மிளகும் பட்டையும் போட்ட சோறு, சில சமயம் சிறு திராட்சையும். தட்டில் அடுக்கி, மாலையிலிருந்து பெயோக்லு பக்கம் விற்பார்கள்.

செலவு: ரொட்டிக்கு ஒரே விலை. சிப்பி எண்ணிக்கைக் கணக்கு. போதும் என்று சொல்லும்வரை விற்பவர் அடுத்ததைத் திறந்து நீட்டிக்கொண்டே இருப்பார். முதலிலேயே ஒன்றின் விலையைக் கேட்டுவிடுங்கள்.

வயிறு: ரொட்டி முழுச் சாப்பாடு. சிப்பி கொறிக்கத்தான்.

சுவை: இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சிப்பிதான். எலுமிச்சை பிழிந்து, மேல் ஓட்டையே கரண்டியாக்கி வாயில் தள்ளும்போது நம் ஊர் நாக்குக்குக்கூட அந்த மசாலா பிடிபடும். மீன் பெரும்பாலும் நார்வேயிலிருந்து உறைய வைத்து வரும் கானாங்கெளுத்தி. எதிரே தெரியும் கடலில் பிடித்தது என்று நம்ப வேண்டாம். பக்கத்தில் விற்கும் ஊறுகாய்த் தண்ணீரோடு சாப்பிட்டால் சரி, நன்றாகவே இருக்கும்.

பாதுகாப்பு: மீனைக் கண்முன் சுடுகிறார்கள், முள்ளை மட்டும் பாருங்கள். சிப்பி வெயிலில் நின்றால் ஆபத்து.

கோடைப் பகல், குழந்தைகள், நல்ல பசி என்றால் ரொட்டி. குளிர்கால இரவில், கூட்டம் மொய்க்கும் கடையில் சிப்பி.