பாளையங்கோட்டை ஞாயிறு சட்ட வகுப்பு: ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில் சட்ட மாணவர்களுக்கும் இளம் வழக்கறிஞர்களுக்குமாக ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு தனியார் வகுப்பில், இங்கிலாந்தின் முக்கியத் தீர்ப்புகள் பற்றிய பாடத்தொகுதியை முழுவதும் கேட்டேன். குறைகளையும் எழுதவிருப்பதால் வகுப்பின் பெயரைத் தவிர்க்கிறேன். விளக்கம் தமிழில், தீர்ப்பின் முக்கியப் பகுதிகளின் வாசிப்பு ஆங்கிலத்தில் என்ற ஏற்பாடு, ஆங்கில வழிப் பாடத்தில் திணறும் முதலாண்டு மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது.

கொடுத்த கட்டணத்துக்கு முழுப் பயன் கிடைத்தது, பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோரும் சட்டமான தீங்கியல் (tort) வகுப்பில்தான். லங்காஷயரில் ஆலைக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து பழைய சுரங்கக் குழிகள் வழியாக நீர் இறங்கி அடுத்தவரின் சுரங்கத்தை மூழ்கடித்தது ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கு. வெளியேறினால் கேடு செய்யக்கூடிய ஒன்றைத் தம் நிலத்தில் இயல்புக்கு மாறான பயன்பாட்டுக்காகச் சேர்த்து வைப்பவர், கவனக்குறைவே இல்லாவிட்டாலும் அதனால் விளையும் சேதத்துக்குப் பொறுப்பாவார் என்பது, அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 1868-இல் உறுதி செய்த விதி. இதைச் சொன்ன கையோடு, நயினார்குளத்தின் கரை உடைந்து வீடுகளுக்குள் நீர் புகுந்தால் யார் பொறுப்பு என்று ஆசிரியர் கேட்டார். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட மாணவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லி, வகுப்பே இரண்டுபட்டது.

அவர்கள் ஓய்ந்த பிறகே, மதராஸ் ரயில்வே கம்பெனி கார்வேட்டிநகரம் ஜமீன்தார்மீது தொடுத்த வழக்கை எடுத்தார். பெருமழையில் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமுற்ற அவ்வழக்கில், பாசன ஏரிகள் தொன்றுதொட்டு மக்கள் நலனுக்காக இருந்து வருபவை, அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை, அவர் நினைத்தாலும் தூர்த்துவிட முடியாது, ஆகவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாமல் அவரைப் பொறுப்பாக்க இயலாது என்று, அன்று இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1874-இல் தீர்ப்பளித்தது. ஒரு முன்தீர்ப்பு எந்தச் சூழலில் பொருந்தும், எங்கே நின்றுவிடும் என்பதைக் குளத்துப் பாசனத்தில் வாழும் இந்தச் சீமைக்கு இதைவிடத் தெளிவாக விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால், 1985-இல் டெல்லித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஓலியம் என்ற அமில வாயு கசிந்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் ரைலண்ட்ஸ் விதியைத் தாண்டி, விதிவிலக்குகளே இல்லாத முழுமையான பொறுப்பை ஆபத்தான தொழில்கள்மீது சுமத்தியதை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார். இன்று நீதிமன்றத்தில் வாதிடப் போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

ஒப்பந்தச் சட்டம் பரவாயில்லை. சளிக்காய்ச்சலைத் தடுக்கும் என்று விற்ற புகையுருண்டையின் விளம்பரத்தை நம்பிப் பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் கண்ட கார்லில் அம்மையாருக்கு, விளம்பரத்தில் சொன்ன 100 பவுண்டைக் கம்பெனி கொடுக்க வேண்டியதாயிற்று என்ற வழக்கை, நிபந்தனையை நிறைவேற்றுவதே ஏற்பாகும் எனும் நம் ஒப்பந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவோடு இணைத்தது நன்று. ஒப்பந்த மீறலுக்கு எவ்வளவு இழப்பீடு என்பது பற்றிய 1854-ஆம் ஆண்டின் ஹேட்லி வழக்கையும் 73-ஆம் பிரிவையும் அவசரமாகக் கடந்தார்கள்.

அச்சிட்டுத் தரும் நோட்ஸில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் இஞ்சி பானப் புட்டிக்குள் நத்தை இருந்தது நிரூபிக்கப்பட்டதாக அதில் அச்சாகியிருக்கிறது. தோழி வாங்கிக் கொடுத்த பானம் என்பதால், அதைக் குடித்து நோயுற்றதாக வழக்குத் தொடுத்த டோனஹ்யூ அம்மையாருக்குக் கடைக்காரருடன் ஒப்பந்தம் கிடையாது. அப்படியிருக்க, தயாரிப்பாளர் நுகர்வோருக்குக் கவனக் கடமை உடையவரா என்ற சட்டக் கேள்விக்கு மட்டுமே 1932-இல் பிரபுக்கள் அவையின் நீதிபதிகளில் மூவர் ஆம் என்றும் இருவர் இல்லை என்றும் விடையளித்தனர். நத்தையைப் பற்றிய சாட்சியம் விசாரணைக்கே வரவில்லை. வழக்கு பின்னர் சமரசமாக முடிந்தது. அது ஸ்காட்லாந்திலிருந்து வந்த மேல்முறையீடு என்பதும் நோட்ஸில் இல்லை. மாற்றுக் கருத்துரைத்த இரு நீதிபதிகளின் வாதத்தைப் படிக்காமல், ஆம் என்ற மூவரில் ஒருவரான அட்கின் பிரபு, நம் செயலால் பாதிக்கப்படக்கூடிய அண்டை அயலாருக்குத் தீங்கு நேராமல் கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னதன் துணிச்சல் எப்படி விளங்கும்?

இட வசதி போதுமானது. மின்விசிறிகள் மட்டும் மே மாதத்துக்குத் தாங்கா. முதல் இரண்டாண்டு மாணவர்கள் தயங்காமல் சேரலாம். அவர்கள் நோட்ஸை நம்பித் தேர்வு எழுதாமல், தீர்ப்பின் மூலத்தைப் பதிவிறக்கி அருகில் வைத்துக்கொண்டு வகுப்பைக் கேட்பது நல்லது. வழக்காடத் தொடங்கிவிட்டவர்கள் தீங்கியல் வகுப்புகளுக்கு மட்டும் தனியாகக் கட்டணம் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.